மூங்கிலடியில் ஒரு வில்

ஞாயிற்றுக்கிழமை காலை. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து பஃப்ளோ ரோட்டில் ஏறினோம். என் மகன் தோளில், துணியில் சுற்றிய நீளமான ஒரு பொருள். பூக்கடைக்காரர், “தம்பி, தூண்டிலா?” என்று கேட்டார். “வில்லு அங்கிள், நானே செஞ்சது” என்றான்.

பள்ளி விடுமுறை முழுவதும் இழைத்துச் செதுக்கிய மரவில் அது. ஒரே குறை, பிடி வெறும் மரம். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்த்தால் வில் உள்ளங்கைக்குள் திரும்பிவிடும். அம்பும் திசை மாறிவிடும்.

முந்தைய வாரம் அப்பாவின் பழைய தோல் பையிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தைத்தோம். காய்ந்த தோலை, விளிம்போடு விளிம்பு சேர்த்து. இரண்டே நாளில் அது தளர்ந்து சுழன்றது. பையில் மிச்சம் இருந்தது இன்னும் ஒரு பிடிக்கான தோல்தான். இனித் தவறக்கூடாது.

தேக்கா நிலையத்தின் மாடியில், தையல் கடைகளுக்கு நடுவே தடித்த நூலும் இரண்டு பெரிய ஊசிகளும் வாங்கினோம். கீழே தேநீர் குடித்தபடி மகனுக்கு இடத்தின் கதையைச் சொன்னேன். ‘தேக்கா’ என்பது ஹொக்கியன் பெயர். மூங்கிலடி என்று பொருள். ஒருகாலத்தில் இங்கே ஓடைக்கரையில் மூங்கில் வளர்ந்திருந்தது. சந்தை வந்தது 1915ல். இப்போதைய கட்டடம் 1982ல். அதற்கு ‘தேக்கா’ என்ற பெயர் 2000ல். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. மாட்டு வணிகம் செழித்த வட்டாரம் இது. “நீ பிறந்த கேகே மருத்துவமனையும் கண்டாங் கெர்பாவ்தான், எருமைத் தொழுவம்” என்றேன். அவன் சிரித்துவிட்டு, “அப்போ வில்லுக்கு மூங்கில், பிடிக்குத் தோல், ரெண்டும் இங்கயே இருந்திருக்கு” என்றான்.

வீட்டில் அப்பா காத்திருந்தார். மிருதங்கம் வாசித்தவர். இப்போது விரல்கள் நடுங்குகின்றன. “மிருதங்கத்துக்கு வார் இழுக்கிற மாதிரிதான். தோலை நனைச்சு இழு. காயும்போது தானா இறுகும்” என்றார்.

முதலில் காகிதத்தைப் பிடியில் சுற்றி அளவெடுத்தோம். விளிம்புகள் தொடாமல், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டினோம். தோல் இழுபடும், அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் துளைகள். நூலில் மெழுகு தேய்த்தோம். வெதுவெதுப்பான நீரில் தோலை ஊறவைத்து, உள்ளங்கை அழுத்தாத வெளிப்பக்கத்தில் தையல் வருமாறு சுற்றினோம். இரண்டு ஊசிகளையும் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தி, சப்பாத்துக் கயிறுபோல ஒவ்வொரு பின்னலையும் இழுத்தோம்.

பாதியில் அப்பா ஊசியைக் கேட்டார். ஒரு பின்னலை இழுத்தார். போதவில்லை. எதுவும் பேசாமல் பேரனிடம் நூலைக் கொடுத்து, அவன் கைமேல் தன் கையை வைத்தார். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும் என்று மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் காயவிட்டோம். செவ்வாய் இரவு மகன் வில்லை எடுத்துப் பிடித்தான். அசையவில்லை. முதலில் தாத்தாவிடம்தான் நீட்டினான். அவர் தோலை ஒரு விரலால் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டார்.

“சுருதி சேர்ந்திருக்கு” என்றார்.