பெரியவர் சொன்ன பொய்

கரோல்பாக் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது குடும்பம் பயந்ததெல்லாம் மயக்க மருந்துக்கும் கத்திக்கும்தான். பெரியவருக்கு 74 வயது, குடலிறக்கம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது. மாலையில் அரை டம்ளர் காபிகூடக் குடித்தார்.

இரவு எட்டு மணிக்கு நர்ஸ் வந்தார். வார்டு முழுக்கக் கேட்கும்படி, "பாபாஜி, பிஷாப் ஹுவா?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கால்மாட்டில் மருமகள் நின்றிருந்தார். முப்பத்தாறு வருஷம் மத்திய அரசின் கோப்புகளில் ஒரு காற்புள்ளி தவறாக விழுந்தாலும் தூக்கம் வராத மனிதர், "ஹோ கயா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலைச் சுற்றித் திரை இருந்தது. அதை இழுத்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அது முழுப் பொய்யும் இல்லை. படுக்கை லேசாக நனைந்திருந்தது. குடும்பமும் நர்ஸும் ஏமாந்தது அந்த ஈரத்தில்தான். சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 முதல் 600 மில்லி வரை கொள்ளும். அதற்கு மேல் நிரம்பினால் சொட்டுச் சொட்டாகக் கசியும். பார்ப்பவர்களுக்குச் சிறுநீர் போய்விட்டது போலத் தெரியும். உள்ளே பை காலியாகியே இருக்காது.

முதுகுத்தண்டில் போடும் மருந்து கால்களை மட்டும் மரக்க வைப்பதில்லை. சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளையும் தூங்க வைக்கிறது. கால் விரல் அசைந்த பிறகும் பை விழித்துக்கொள்ளச் சில மணி நேரம் ஆகும். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள் அதை இன்னும் மந்தமாக்கும். இதற்கிடையே சலைன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். வயதான ஆண்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை ஏற்கெனவே நெருக்கியிருக்கும். பெண்களும் தப்புவதில்லை. மலச்சிக்கல் போதும், சர்க்கரை நோயில் தளர்ந்த நரம்பு போதும். பெட்பான் வைத்தால் வராது என்று சொல்லக் கூச்சப்பட்டே அடக்கிக்கொள்ளும் மாமிகள் எத்தனை பேர்!

இரண்டு வருஷமாகவே இவர் ராத்திரி மூன்று முறை எழுந்து, நூல் போன்ற தாரைக்காகக் குளியலறையில் காத்து நிற்பார். மனைவிக்குத் தெரியும். அட்மிஷன் சமயத்தில் டாக்டர் இதைக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணிக்கு உளற ஆரம்பித்தார். சாஸ்திரி பவனுக்குப் போகும் பஸ் போய்விட்டது என்று எழுந்து உட்கார்ந்தார். சலைன் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். "வயசாச்சு, மயக்க மருந்து தெளியல" என்றார் மகன். தூக்கத்துக்கு ஊசி போடலாமா என்று பேச்சு எழுந்தது. நல்லவேளை, டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் போர்வையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தார். தொப்புளுக்குக் கீழே தேங்காய் வைத்தது போலக் கெட்டியாக இருந்தது. கதீட்டர் செருகியதும் பையில் இறங்கியது 950 மில்லி. கொஞ்ச நேரத்தில் பெரியவர் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மணி என்ன என்று கேட்டார். வயதானவர்கள் பலரிடம் வலியைவிடக் குழப்பம்தான் முதலில் வெளியே தெரிகிறது.

அதற்காகக் குழாயை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. ஒவ்வொரு நாள் கூடும்போதும் கிருமி தொற்றும் அபாயம் கூடும். ப்ராஸ்டேட் பகுதியின் தசையைத் தளர்த்த டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தார்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம் என்று எச்சரித்தார்கள். மூன்றாம் நாள் காலை குழாயை எடுத்தார்கள். படுத்துக்கொண்டே போகச் சொன்னால் ஆகாது என்று இம்முறை பெரியவரே வாய் திறந்தார். மகன் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வெளியே நின்றார். பத்து நிமிஷம் தண்ணீர்ச் சத்தம் மட்டுமே கேட்டது. பிறகு கதவிடுக்கில் ஒரு பிளாஸ்டிக் குவளை நீண்டது. 220 மில்லி. ஸ்கேனில் உள்ளே மீதம் 60. போதும் என்றார் டாக்டர்.

அன்று மாலை மாம்பலத்திலிருந்து தங்கை போன் செய்தாள். "எல்லாம் நல்லபடியா ஆச்சா அண்ணா?"

"ஹெர்னியாதானே, என்ன பிரமாதம்!" என்றார் பெரியவர். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.