பிடிமானம்

என் மேஜை மேல் ஒரு சின்ன உலோகச் சட்டம் இருக்கிறது. அலுமினிய வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தொட்டில். இரண்டு அச்சுகளில் எந்தப் பக்கமும் சாய்க்கலாம், சாய்த்த இடத்தில் இறுக்கலாம். வீட்டுக்கு வருபவர்கள் பூஜை சாமானோ என்று ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். குன்றத்தூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் லேத் பட்டறையில் கடைந்தது அது. அதன் மூன்று பிரதிகளில் இரண்டு இப்போதும் வேலையில் இருக்கின்றன. என்னிடம் இருப்பது தோற்றுப்போன முதல் பிரதி.

நான் மென்பொருள் எழுதுகிறவன். படித்தது எலக்ட்ரானிக்ஸ். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வண்டிகளுக்குள் போகும் ரேடியோ மாட்யூல்களைச் சோதிக்கும் பெஞ்சுகளுக்கு நிரல் எழுதுவது என் பொறுப்பு. ஆபரேட்டர் மாட்யூலை வைத்து, கேபிளை மாட்டி, பொத்தானை அழுத்துவார். பச்சை விளக்கு எரிந்தால் அடுத்தது. சிவப்பு எரிந்தால் அந்த மாட்யூல் ஓரத்தில் இருக்கும் சிவப்புக் கூடைக்குப் போகும். பெஞ்ச் ஒவ்வொன்றிலும் 10 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் ஆஸிலேட்டர் ஒன்று உண்டு. மற்ற கருவிகளெல்லாம் அதைப் பார்த்துத்தான் தாளம் போடும். அது தப்பினால் எல்லாம் தப்பும்.

குவார்ட்ஸ் எனக்குப் புதிதல்ல. கரூர் பக்கம் எங்கள் ஊரில் அதை வெங்கக்கல் என்போம். இரண்டு கல்லை எடுத்து இருட்டறையில் உரசினால் கல்லுக்குள் மஞ்சளாக ஒளி ஓடும். ஒரு கருகல் வாசனையும் வரும். அந்தக் கல்லைத்தான் 1880-ல் பாரீஸில் கியூரி சகோதரர்கள், ழாக்கும் பியரும், அமுக்கிப் பார்த்தார்கள். அமுக்கினால் மின்னழுத்தம் பிறக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் கல் நெளிகிறது என்பதையும் அடுத்த வருஷமே காட்டினார்கள். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வால்டர் கேடி இந்த நெளிவை வைத்து ஒரு அலையியற்றியை நிலைநிறுத்தினார். 1927-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் அதைக் கடிகாரமாக்கினார். நம் பக்கத்தில் அந்தக் கல் வீட்டுக்கு வீடு வந்தது டைட்டனால்தான். டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த கம்பெனி, ஓசூரில் ஆலை. அப்பாவின் கல்யாணக் கடிகாரம் அதுதான். உள்ளே நொடிக்கு 32,768 தடவை அதிரும் இசைக்கவை வடிவப் படிகம். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும், அதற்காகவே அந்த எண். 25 டிகிரியை விட்டு எந்தப் பக்கம் விலகினாலும் அது மெதுவாகத்தான் போகும். 40 டிகிரி வெயிலில் கழற்றி வைத்தால் நாளைக்கு முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தங்கும். கையில் கட்டியிருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. கடிகாரத்துக்கு நம் மணிக்கட்டே அடுப்பு.

ரேடியோக்காரர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தலைவலி வேறு. கல்லை எப்படிப் பிடிப்பது? இறுக்கிப் பிடித்தால் அதிராது, தளர விட்டால் நிலையாக இருக்காது. 1930-களில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பயன்படுத்திய பிடிப்பான்கள் சிலவற்றில் மேல்தகட்டைத் திருகு வைத்து ஏற்றி இறக்கலாம். கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் காற்று இடைவெளி மாறினால் அதிர்வெண்ணும் கொஞ்சம் நகரும். பக்கத்து நிலையத்தோடு மோதினால் திருகைத் திருப்பி விலகிக்கொள்வார்கள். பேருந்தில் தள்ளி உட்காருவது போல. 1934 வாக்கில் வந்த ஏடி வெட்டு, அதாவது படிக அச்சிலிருந்து 35 டிகிரி சொச்சம் சாய்த்து அறுத்த வில்லை, வெப்பத் தொல்லையைப் பெருமளவு தீர்த்தது. பிடிமானத் தொல்லையைத் தீர்க்கவில்லை. வட்ட வில்லையின் விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடத்தில் பிடித்து அமுக்கினால் அதிர்வெண் மாறும். எவ்வளவு மாறும் என்பது எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஏடி வில்லையில் அச்சிலிருந்து சுமார் 60 டிகிரியிலும் 120 டிகிரியிலும் பிடித்தால் மாற்றம் ஏறக்குறைய பூஜ்யம். அமுக்கினாலும் உறைக்காத இடங்கள் கல்லுக்கும் உண்டு என்று முதல்முறை படித்தபோது எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

எவ்வளவு நல்ல பிடிமானம் போட்டாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கல்லுக்கு எடை உண்டு. ஆட்டினால் அதன் எடையே பிடிமானத்தின் மேல் சாயும். அதனால் ஆஸிலேட்டரைத் தலைகீழாகத் திருப்பினாலே அதிர்வெண் மாறும். சாதாரண ஆஸிலேட்டரில் ஒரு ஜி முடுக்கத்துக்கு நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் மாற்றம். 10 மெகாஹெர்ட்ஸில் அது 0.01 ஹெர்ட்ஸ். கேட்க ஒன்றுமே இல்லை போலத்தான் இருக்கும். ஆனால் அந்த 10-ஐப் பெருக்கி 2,400 ஆக்கும்போது தப்பும் 240 மடங்காகிறது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதலில் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பெஞ்சுகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பக்கத்திலேயே லாரி ஏற்றும் மேடை, ஃபோர்க்லிஃப்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஆஸிலேட்டருக்கு அதிர்ச்சி படக்கூடாதே என்று நான்தான் யோசனை சொன்னேன்: பெட்டிக்கு அடியில் நாலு ரப்பர் புஷ் போடலாம். இணையத்தில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். யாரும் மறுக்கவில்லை. ரப்பர் போட்டால் நல்லதுதானே என்றுதான் எல்லாருக்கும் தோன்றும்.

இரண்டு வாரத்தில் மூன்றாவது பெஞ்சில் சிவப்புக் கூடை நிறைய ஆரம்பித்தது. ராத்திரி ஷிப்டில் மட்டும். அந்த மாதம் அங்கே இருந்தவர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். வயது இருபத்தொன்றோ இரண்டோ, கான்ட்ராக்ட். விடுதியில் ஆறு பேரோடு ஒரு அறை, ஷிப்ட் பஸ்ஸில் வந்து ஷிப்ட் பஸ்ஸில் போவார். கேபிளைச் சரியாக முறுக்கவில்லை என்று லைன் சூபர்வைசர் சொன்னார். "டைட் பண்ணிட்டுதான் சார் வைக்கிறேன், வேணும்னா நீங்களே நின்னு பாருங்க" என்றார் அந்தப் பெண், என்னிடம். நான் நிற்கவில்லை. டேட்டா எடுத்துத் தருகிறேன் என்றேன்.

எடுத்தேன். ஆபரேட்டர் வாரியாகப் பிரித்து ஒரு படம் போட்டேன். மற்றவர்களைவிட அவருடைய கம்பி நாலு மடங்கு உயரம். கீழே அவருடைய பணியாளர் எண். படத்தில் பொய் ஒன்றுமில்லை. என் டேட்டாபேஸில் ஆபரேட்டருக்கு ஒரு பத்தி வைத்திருந்தேன், ஷிப்டுக்கு ஒன்று, பெஞ்சுக்கு ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன ஓடுகிறது என்பதற்குப் பத்தி இல்லை. மாத முடிவில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அந்தச் செய்தி என்னிடம் யாரும் சொல்லி வரவில்லை. ஒருநாள் அந்த இடத்தில் ஒரு பையன் நின்றான்.

அந்தப் பையனுக்கும் சிவப்பு எரிந்தது. அதே அளவு.

அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. இதுவரை மோசமான ஒரு எண்ணை மட்டும் சேமித்துக்கொண்டிருந்த நிரலை, அலைமாலை முழுவதையும் சேமிக்கும்படி மாற்றினேன். நடுச் சிகரத்துக்கு இரண்டு பக்கமும், 24 ஹெர்ட்ஸ் தள்ளி, இரண்டு குட்டிச் சிகரங்கள். 24-ஐ அறுபதால் பெருக்கினால் 1,440. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நாலு துருவ மோட்டாரின் பெயர்த்தகட்டில் வழக்கமாகப் பொறித்திருக்கும் சுற்று எண்ணிக்கை. பெஞ்ச் மேல் விரலை வைத்தேன். ரொம்ப லேசாக, பூனை உறுமுவது போல ஒரு துடிப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் சின்ன கம்ப்ரஸர். பகலில் பெரியது ஓடும், ராத்திரியில் காற்றுத் தேவை குறைவு என்று சின்னதை ஓட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியையும் ரப்பர் புஷ்ஷையும் எடுத்துக்கொண்டு தெருமுனைப் பட்டறைக்குப் போனேன். அண்ணனுக்கு அறுபதுக்கு மேல். அம்பத்தூர் எஸ்டேட்டில் நெடுநாள் டர்னராக இருந்துவிட்டு இங்கே வந்து சொந்தமாகப் போட்டவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொட்டியை வெச்சா ரப்பர் எவ்ளோ அமுங்குது தம்பி?"

தெரியவில்லை என்றேன். டயல் கேஜை எடுத்து வந்து வைத்துப் பார்த்தார். 0.4 மில்லிமீட்டர்.

"ஜெனரேட்டருக்கு அடியில பேட் வெக்கிறப்ப மொதல்ல பாக்குறது இதான். கம்மியா அமுங்குனா சும்மா இருக்கறதவிட ஜாஸ்தி ஆடும்."

அவருக்குத் தெரிந்ததற்கு என்னிடம் சூத்திரம் இருந்தது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் எழுதித் தேறியது. மில்லிமீட்டரில் அமுக்கத்தின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண். 0.4-க்கு ஏறக்குறைய 25. கம்ப்ரஸர் 24. தள்ளிவிடுகிறவன் சரியான நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் என்ன செய்யுமோ அதைத்தான் நான் போட்ட ரப்பர் செய்திருக்கிறது. காப்பாற்ற வைத்ததே அதிர்வைப் பெருக்கியிருக்கிறது. ரப்பர் இல்லாமல் விட்டிருந்தால் மாட்யூல்கள் அநேகமாகத் தப்பியிருக்கும். அந்தப் பெண்ணும்.

இன்னும் மெத்தென்ற ஸ்பிரிங் போட்டால் என்ன? 24 ஹெர்ட்ஸை நன்றாகத் தடுக்க வேண்டுமென்றால் அமைப்பு 8 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். அதற்கு நாலு மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். இத்தனை சின்னப் பெட்டியை அவ்வளவு தளர்வாக வைத்தால் அதில் மாட்டியிருக்கும் கேபிளே அதைப் பிடித்து ஆட்டும். அப்போதுதான் சாய்க்கும் யோசனை வந்தது. கல்லின் முடுக்க உணர்ச்சிக்கு ஒரு திசை உண்டு. அந்தத் திசையில் ஆட்டினால் முழுதாக உறைக்கும், அதற்குச் செங்குத்தாக ஆட்டினால் உறைக்காது. எங்கள் தரை மேலும் கீழுமாகத்தான் ஆடுகிறது. ஆகவே ஒவ்வொரு ஆஸிலேட்டரின் திசையையும் கண்டுபிடித்து அதைப் படுக்கை வசத்தில் கிடத்திவிட்டால் போதும். மூன்று டிகிரி தப்பினாலும் மிஞ்சுவது இருபதில் ஒரு பங்கு. ஆனால் ஒரே மாடல், ஒரே பெட்டி அட்டையில் வந்த இரண்டு ஆஸிலேட்டர்களுக்கே திசை வேறுவேறு. அதனால்தான் சாய்த்து இறுக்கும் சட்டம்.

முதல் பிரதியில் அச்சு மேல் ஒரு திருகு வந்து குத்தி நிறுத்தும். கோணத்தைச் சரியாக வைத்துத் திருகை இறுக்கினால் அச்சும் கூடவே ஒன்றிரண்டு டிகிரி திரும்பிவிடும். தளர்த்தி மறுபடி வைத்தால், திருகு முன்பே குத்திய பள்ளத்தில்தான் போய் உட்காரும். ஒரு மணி நேரம் இதோடு மல்லுக்கட்டினேன். அண்ணன் வாங்கிப் பார்த்து, "குத்திப் புடிச்சா இப்டிதான். கட்டிப் புடிக்கணும்" என்றார். இரண்டாவதில் அச்சு நுழையும் துளையை ஒரு பக்கம் ரம்பத்தால் கீறிப் பிளந்து, அந்தப் பிளவை ஒரு போல்ட்டால் நெருக்கினார். இப்போது துளை முழுவதும் சுற்றிவர அச்சை அணைக்கிறது. இறுக்கும்போது அச்சு அசையவில்லை. அலுமினியத்தில் அலுமினியம் சிக்கிக்கொள்ளும் என்று அச்சை மட்டும் பித்தளையில் கடைந்தார். இரண்டு பிரதிக்கும் சேர்த்து அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் எனக்குத்தான் வெட்கம்.

அடுத்த ஞாயிறு முழுக்க ஆலையில், கம்ப்ரஸர்கள் ஓடாத அமைதியில், பெட்டியை ஆறு முகமாகவும் வைத்துப் பார்த்தேன். திருப்பி வைத்ததும் எண்ணை எழுதக்கூடாது, அது ஆறி அமரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு முகத்தில் தலைகீழாக்கினால் 0.02 ஹெர்ட்ஸ் தாவியது, மற்ற இரண்டு அச்சுகளில் அதில் பாதிகூட இல்லை. கணக்குப் போட்டு, சாய்த்து, இறுக்கினேன். ரப்பரைக் கழற்றி எறிந்தேன். திங்கள் ராத்திரி கம்ப்ரஸர் ஓடும்போது அந்தக் குட்டிச் சிகரங்கள் இரைச்சலுக்குள் அமிழ்ந்து போயிருந்தன.

திருத்திய அறிக்கை ஒன்று எழுதினேன். காரணம் பெஞ்ச் அமைப்பு, பரிந்துரைத்தவன் நான், ஆபரேட்டரின் வேலையில் குறையில்லை என்று. மேலதிகாரி, ரூட் காஸ் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார். கடைசி வாக்கியத்தை யாரும் எதுவும் சொல்லவில்லை. மனிதவளத்தில் கேட்டபோது, அவர் எங்கள் ஊழியரே இல்லை, ஏஜென்சியைக் கேளுங்கள் என்றார்கள். ஏஜென்சியில் எண் கொடுக்க மாட்டோம் என்றார்கள், அது நியாயமும்கூட. கடைசியில் அதே விடுதியில் இருந்த இன்னொரு ஆபரேட்டர், கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி, இரண்டு நாள் கழித்து எண்ணைக் கொடுத்தார்.

சாயங்காலம் மலைக்கோயிலுக்குப் போகும் படிகளுக்குக் கீழே நின்று பேசினேன். வீட்டில் பேச முடியவில்லை. அவர் வேறொரு இடத்தில் சேர்ந்துவிட்டிருந்தார், சம்பளம் கொஞ்சம் குறைவு, பகல் ஷிப்ட். நான் கம்ப்ரஸரையும் ரப்பரையும் பற்றி நீளமாகச் சொல்லிக்கொண்டே போனேன். குறுக்கே எதுவும் பேசாமல் கேட்டார்.

"அப்ப கேபிள் இல்ல."

"இல்லம்மா. என்னோட தப்பு."

"நான் அன்னிக்கே சொன்னேன் சார்."

"ஆமா."

கொஞ்ச நேரம் பஸ் சத்தம் மட்டும் கேட்டது, அவர் பக்கமா என் பக்கமா தெரியவில்லை. பிறகு கேட்டார். "அந்த மொதல் ரிப்போர்ட்ல என் நம்பர் இருக்குமே, அது இன்னும் இருக்கா சார்?"

எங்கள் அமைப்பில் வெளியான அறிக்கையை அழிக்க முடியாது. புதுப் பதிப்பு ஏற்றலாம், பழையதும் பக்கத்திலேயே இருக்கும். அந்த விதியை எழுதியதும் நான்தான், தணிக்கைக்காக. இருக்கிறது என்று சொன்னேன்.