நாஸ்ல காப்பி ஏறவே மாட்டேங்குதா? ஒரு நீளமான த்ரெட்

வீட்லயோ கடையிலயோ நாஸ் பெட்டி வச்சிருக்கவங்க இத முழுசா படிச்சிடுங்க. நாஸ்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: ரெண்டு மூணு ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு சின்னப் பெட்டி. லேன் கேபிள் வழியா ரவுட்டரோட சேர்ந்திருக்கும். வீட்ல இருக்க எல்லா போனும் லேப்டாப்பும் அதுல போட்டோ, வீடியோவ போட்டு வைக்கலாம். போன் உடைஞ்சு குழந்தையோட முதல் பிறந்தநாள் போட்டோவ இழந்தவங்க அடுத்து தேடி வாங்கற பொருள்.

வாங்கினதும் வர்ற முதல் புகார் பெரும்பாலும் இதுதான். எழுதற வேகம் படு மோசம்.

சூரமங்கலத்துல எங்க வீட்டுக்குப் பக்கத்துல கல்யாண ஸ்டுடியோ வச்சிருக்க அண்ணன் ஒருத்தர் இதையேதான் சொன்னார். "டாக்டர், இவ்ளோ செலவு பண்ணி வாங்குனது பென்டிரைவ விட மெதுவா இருக்குங்க." ஒரு கல்யாணம்னா அவருக்குச் சுமார் 200 ஜிபி. ராத்திரி மண்டபத்துல இருந்து வந்து காப்பி போட்டா விடியற வரைக்கும் ஓடுது. காலையில அடுத்த முகூர்த்தம். அதே மெமரி கார்ட அழிச்சு எடுத்துட்டுப் போகணும். அதனால அவருக்கு இது வெறும் வேகப் பிரச்சனை இல்ல. "காப்பி முடிஞ்சது"ன்னு பெட்டி சொன்னா அத நம்பி ஒரு குடும்பத்தோட கல்யாணத்தையே கார்டுல இருந்து அழிக்கப் போறார்.

நான் கேட்ட முதல் கேள்வி: எழுதறது மட்டும் மெதுவா, படிக்கறதும் மெதுவா? ரெண்டாவது: நம்பர் எவ்ளோ?

வார்டுல "காய்ச்சல்"னு சொன்னா எத்தன நாளா, எவ்ளோ டெம்பரேச்சர்னு கேக்கறோம் இல்லையா, அது மாதிரிதான். "ஸ்லோ"ங்கறது நோய் இல்ல, அறிகுறி. நம்பர் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

அவர் சொன்னது, ரெண்டுமே நொடிக்கு 11 மெகாபைட். 11, 12ன்னு ஒரே கோடு போட்ட மாதிரி நிக்குதுன்னா மொதல்ல டிஸ்க்க சந்தேகப்படாதீங்க, கேபிளப் பாருங்க. கணக்கு இதுதான். இப்ப இருக்க லேன் வசதி பெரும்பாலும் கிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட். 8 பிட் ஒரு பைட், அதனால 125 மெகாபைட். நடைமுறையில 110 சொச்சம் கிடைக்கும். பழைய ஃபாஸ்ட் ஈதர்நெட் 100 மெகாபிட். அதுல கிடைக்கறது 11, 12தான். கிகாபிட்டுக்கு கேபிள் உள்ள இருக்க 8 கம்பியும் வேணும். 100 மெகாபிட்டுக்கு 4 போதும். மத்த 4ல ஒரு கம்பி அறுந்தாலோ, கிரிம்ப் பண்ணும்போது சரியா உக்காரலன்னாலோ, இணைப்பு பெரும்பாலும் அறுந்து போகாது. சத்தமே இல்லாம 100க்கு இறங்கிடும். இன்டர்நெட் நல்லா வரும், யூடியூப் ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது.

அவர் கடையில பெயின்ட் அடிச்சப்ப கேபிள கழட்டி, வெட்டி, புதுசா ஜாக் போட்டிருக்காங்க. ஒரு கம்பி ஜாக்குக்குள்ள முழுசா போகல. புது கேபிள் போட்டதும் ரவுட்டர்ல அந்த போர்ட் 1000ன்னு காட்டுச்சு. நீங்களும் ரவுட்டர் பக்கத்துலயோ, கம்ப்யூட்டரோட நெட்வொர்க் செட்டிங்லயோ அந்த நம்பர் 100ஆ 1000ஆன்னு பாத்துக்கலாம். இன்னும் தெளிவா தெரியணும்னா ஐபெர்ஃப்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அது டிஸ்க்கத் தொடாம நெட்வொர்க் வேகத்த மட்டும் அளக்கும். அது 900க்கு மேல காட்டுச்சுன்னா கேபிள், ரவுட்டர் ரெண்டையும் சந்தேக லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாம். (வைஃபைல காப்பி போட்டுட்டு நாஸத் திட்றவங்க தயவுசெஞ்சு ஒரு தடவ கேபிள்ல போட்டுப் பாத்துட்டு வாங்க.)

இதோட முடிஞ்சிருக்கணும். முடியல.

இப்ப படிக்கற வேகம் 110ல அசையாம நிக்குது. எழுதறது 110ல ஆரம்பிச்சு, கொஞ்ச நேரம் நல்லாப் போயி, திடீர்னு 25, 20ன்னு விழுது. ஒரே நோயாளிக்கு ரெண்டு நோய் இருக்கலாம். மொதல் நோய் ரெண்டாவத மறைச்சிட்டு இருந்திருக்கு. 11லயே ஓடுற வரைக்கும் 20க்கு விழறது எப்படித் தெரியும்?

படிக்கறது வேகம், எழுதறது ஆரம்பத்துல வேகம், அப்புறம் விழுது. இந்த மூணும் சேர்ந்து வந்தா பிரச்சனை டிஸ்க் பக்கம். ஆரம்ப வேகம் பெட்டியோட ராம் குடுக்கறது. வர்ற டேட்டாவ மொதல்ல ராம் வாங்கி வச்சுக்கும். அது நிறைஞ்சதும் டிஸ்க்கோட உண்மையான வேகம் வெளிய வரும்.

அவர் பெட்டியில ரெண்டு டிஸ்க், ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி மாதிரி ஒரே டேட்டா. எழுதும்போது ரெண்டும் எழுதி முடிக்கணும், அதனால மெதுவானது எதுவோ அதோட வேகம்தான் மொத்த வேகம். ரெண்டோட மாடல் நம்பரையும் அந்தந்த கம்பெனி வெப்சைட்ல தேடுனோம். ஒண்ணு சிஎம்ஆர், இன்னொண்ணு எஸ்எம்ஆர்.

எஸ்எம்ஆர் புரியணும்னா ஓட்டு வீட்டக் கூரையோட நினைச்சுக்கோங்க. ஒரு ஓடு மேல இன்னொரு ஓடு கொஞ்சம் ஏறி இருக்கும். அந்த டிஸ்க்ல டேட்டா எழுதற தடங்களும் அப்படித்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும். அதே இடத்துல அதிகம் சேமிக்கலாம், விலை குறையும். படிக்கறதுக்குத் தொந்தரவு இல்ல. ஆனா நடுவுல ஒரு ஓட்ட மாத்தணும்னா? மேல இருக்க வரிசையெல்லாம் எடுத்துட்டுத் திரும்ப அடுக்கணும். டிஸ்க்கும் அதைத்தான் செய்யுது. அதுக்காகவே வேகமா வாங்கி வைக்க டிஸ்க்குக்குள்ள ஒரு தனி இடம் இருக்கும். அது நிறைஞ்சா கத முடிஞ்சது. அப்பப்ப நாலு போட்டோ போடற வீட்டுக்கு இது தெரியவே தெரியாது. ஒரே மூச்சுல 200 ஜிபி போடறவருக்குத் தெரியும்.

இது பெட்டி மேல எழுதியிருக்குமேன்னு கேக்கலாம். எழுதாம வித்த வரலாறு இருக்கு. நாஸுக்குன்னே விக்கற ரெட் வரிசையில 2 டிபில இருந்து 6 டிபி வரைக்கும் உள்ள மாடல்கள்ல எஸ்எம்ஆர் இருக்குன்னு வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரல்லதான் ஒத்துக்கிச்சு. அதுவும் பழுதான டிஸ்க்க மாத்திப் புதுசு போட்டவங்களோட நாஸ், அந்தப் புது டிஸ்க்க ஏத்துக்காம வெளிய தள்ள ஆரம்பிச்சு, அவங்க விடாம கேட்ட பிறகு. அப்புறம் சிஎம்ஆர் டிஸ்க்குகள ரெட் ப்ளஸ்னு தனிப் பேர்ல பிரிச்சாங்க. ஸ்டுடியோ அண்ணனோடது வேற கத. எந்த கம்பெனியா இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி மாடல் நம்பரப் போட்டு சிஎம்ஆரான்னு பாக்கறது வாங்கறவரோட வேலையாவே இன்னைக்கும் இருக்கு. எனக்கு அதுல கோவம்தான்.

இப்ப முக்கியமான இடம். இதுக்கு நடுவுல அவருக்கு யாரோ ஒருத்தர் வைத்தியம் சொல்லியிருக்கார். "செட்டிங்ல சிங்க்னு ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க, பறக்கும்."

சில பெட்டிகள்ல உண்மையிலயே பறக்கும். ஏன்? சிங்க் ஆன்ல இருந்தா டேட்டா டிஸ்க்ல பதிஞ்ச பிறகுதான் பெட்டி "ஆச்சு"ன்னு பதில் சொல்லும். ஆஃப் பண்ணா ராம்ல வாங்கினதுமே "ஆச்சு"ன்னு சொல்லிடும். ஊசி போடறதுக்கு முன்னாடியே சார்ட்ல டிக் அடிக்கற மாதிரி. ரவுண்ட்ஸ் சீக்கிரம் முடியும், சந்தேகமில்ல. ஆனா அந்த நேரத்துல கரண்ட் போச்சுன்னா, ராம்ல இருந்ததெல்லாம் காலி. கம்ப்யூட்டர் "முடிஞ்சது"ன்னு காட்டியிருக்கும். நீங்க கார்ட அழிச்சிருப்பீங்க. நம்ம ஊர்ல கரண்ட் சொல்லிட்டுப் போறது மாசாந்திர பராமரிப்புக்கு மட்டும்தான். மத்த நேரமெல்லாம் சொல்லாமத்தான் போகும்.

அவரோட நோய்க்கு அது மருந்தும் இல்ல. எஸ்எம்ஆர் டிஸ்க் அதே வேகத்துலதான் எழுதும். ராம் நிறையற வரைக்கும் நமக்குத் தெரியாம இருக்கும், அவ்ளோதான்.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கேன்னு சொல்வீங்க. மாறுற அந்தக் கண நேரத்துல சில பெட்டிங்க ரீஸ்டார்ட் ஆயிடும். நாஸுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் தனியா போடுங்க. யுஎஸ்பி கேபிள்ல நாஸோட சேர்க்கற வகையா இருந்தா, பேட்டரி தீர்றதுக்கு முன்னாடி பெட்டி தானாவே எழுதி முடிச்சு ஒழுங்கா அணைஞ்சுக்கும். வேகத்துக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி இதுக்குப் பண்ணுங்க.

கடைசியில அவர் எஸ்எம்ஆர் டிஸ்க்க மட்டும் மாத்துனார். மாத்தறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் வெளி டிஸ்க் ஒண்ணுல காப்பி எடுக்கச் சொன்னேன். ஒண்ணக் கழட்டிப் புதுசு போட்டு, அது பழசப் பாத்து எழுதி முடிக்கற வரைக்கும் எல்லாக் கல்யாணமும் ஒரே டிஸ்க்ல தொங்கிட்டு இருக்கும். அது பல மணி நேரம். கண்ணாடி டிஸ்க் இருக்குன்னு தனி காப்பி எடுக்காம இருக்கறவங்க இதக் கவனிங்க. தப்பா அழிச்சா ரெண்டுலயும்தான் அழியும்.

இப்ப 200 ஜிபி முக்கால் மணி நேரத்துக்குள்ள ஏறிடுது. ஆனாலும் ஃபைல் எண்ணிக்கைய சரி பாத்து, ரெண்டாவது காப்பியும் வெளி டிஸ்க்ல ஏறுன பிறகுதான் கார்ட அழிக்கறார். கூடுதலா ரெண்டு கார்டும் வாங்கிட்டார்.

உங்க பெட்டியும் மெதுவா இருக்குன்னா கமென்ட்ல கேளுங்க, ட்யூட்டி முடிஞ்சு வந்து பாக்கறேன். ஆனா இதெல்லாம் சேர்த்து அனுப்புங்க: படிக்கற வேகம், எழுதற வேகம், போர்ட் 100ஆ 1000ஆ, டிஸ்க் மாடல் நம்பர், ஒரு பெரிய ஃபைலா இல்ல ஆயிரக்கணக்கான சின்ன ஃபைலா (சின்னது எப்பவுமே மெதுவாத்தான் போகும்). ஸ்மார்ட் ரிப்போர்ட்னு நாஸ்லயே ஒண்ணு இருக்கும், அதுல 5, 197ங்கற வரிசைகள்ல 0 தவிர வேற நம்பர் இருந்தா கமென்ட் போடறத விட்டுட்டு மொதல்ல காப்பி எடுங்க. 199 மட்டும் ஏறிட்டே போனா டிஸ்க்க விட அதுக்குப் போற கேபிள்தான் சந்தேகம், கழட்டி மாட்டிப் பாருங்க.