சர்க்கரை மணலில் ஒரு நடை

பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் இன்று நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டாவது தேறும். அவர்களில் யாராவது புளோரிடாவில் இருந்தால், போய் இறங்கிய மறு வாரமே உங்களை டிஸ்னி உலகத்துக்கு அழைத்துப் போவார்கள். எங்களையும் அழைத்துப் போனார்கள். கால் வலித்தது; பர்ஸும் வலித்தது. அதைப் பற்றி நான் எழுத வரவில்லை. ஆர்லாண்டோவிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஒகாலா என்று ஒரு காடு இருக்கிறது. அங்கே ஒரு காலைப் பொழுது நடப்பதற்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நாங்கள் முதல் தடவை தயாராகாமல் போய்ப் பட்ட பாடு நீங்கள் படவேண்டாமே!

காடு என்றதும் நீங்கள் கொடைக்கானலையோ முதுமலையையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். கால் வைத்தால் மணல். வெள்ளை வெளேரென்று, அந்த ஊர்க்காரர்களே 'சர்க்கரை மணல்' என்று சொல்லுகிற மணல். எத்தனையோ காலத்துக்கு முன் கடல் உயர்ந்திருந்தபோது ஏற்பட்ட மணல் மேடுகள் இவை. அதன் மேல் மணல் பைன் என்னும் ஒல்லி மரங்களும், ஆள் உயரத்துக்குக் கருவாலிப் புதர்களும், குட்டைப் பனை போன்ற பால்மெட்டோவும் மண்டிக் கிடக்கின்றன. பால்மெட்டோவின் காம்பில் ரம்பப் பல் உண்டு. புடவையோடு போனால் புடவை பாக்கி இராது. 1908-ல் இதைத் தேசியக் காடாக அறிவித்தார்கள். மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கே இதுதான் மிகப் பழைய தேசியக் காடு.

முதல் தடவை நாங்கள் போனது ஜூன் மாதம். நிதானமாக இட்டிலி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, நடக்க ஆரம்பித்தபோது மணி பத்தரை. நாலு பேருக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். பெயருக்குத்தான் மரம், நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெயில் மேலிருந்தும் அடித்தது, மணலிலிருந்தும் அடித்தது. மணலில் ஒரு மைல் நடப்பது தார் ரோட்டில் இரண்டு மைல் நடப்பதற்குச் சமம் என்பது அரை மணியில் புரிந்தது. என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. "கொஞ்சம் உட்காருகிறேன்" என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, பேச்சு குழறியது. என் கைப்பையில் இருந்த ஒரு மிட்டாயை அவர் வாயில் போட்டு, மீதித் தண்ணீரைக் கொடுத்து, மாப்பிள்ளையும் பெண்ணும் தாங்கலாக நடத்திக்கொண்டு திரும்பினோம். அன்று இரவு முழுவதும் நான் தூங்கவில்லை.

மறுபடி போவதற்கு நான் சம்மதித்திருக்கவே மாட்டேன். அவர்தான், "பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவதா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சரி, போவதென்றால் ஒழுங்காகப் போகவேண்டும் என்று காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலாவது, மாதம். நவம்பரிலிருந்து மார்ச் வரை உகந்தது. கோடையில் வெயில் மட்டுமல்ல, பிற்பகலில் இடியும் மின்னலும் சேர்ந்துகொள்ளும். குளிர் காலத்தில் ஒரே ஒரு சங்கடம். அது வேட்டைக்கு அனுமதி உள்ள பருவம். ஆகவே தூரத்திலிருந்து தெரியும்படி ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது அணிந்துகொள்ள வேண்டும். "சந்நியாசம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறாயா?" என்று கேட்டார் என் கணவர். ஆனாலும் போட்டுக்கொண்டார்.

வழியில் குடிநீர் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் கையோடு கொண்டு போங்கள். கனக்கிறதே என்று பார்க்காதீர்கள். மூடிய ஷூ, முழுக்கால் சட்டை, தொப்பி. உண்ணிப் பூச்சி உண்டாகையால் காலுறைக்குள் சட்டை நுனியைச் சொருகிக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளின் காதோரத்தையும் தலையையும் பாருங்கள். பாம்பும் உண்டு, கரடியும் உண்டு. விழுந்து கிடக்கும் மரத்தைப் பார்க்காமல் அதன் மேல் உட்காராமல் இருந்தால், சாப்பாட்டு மிச்சத்தை வழியில் போடாமல் இருந்தால், அவை தம் வழியே போகும். சர்க்கரை வியாதிக்காரர் கூட வந்தால் சட்டைப் பையில் மிட்டாய். இதை மட்டும் நான் இரண்டு தடவை எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கே போய் இறங்கினோம். நாங்கள் தேர்ந்தெடுத்த பாதைக்கு 'இயர்லிங்' பாதை என்று பெயர். மார்ஜோரி கின்னன் ராலிங்ஸ் என்ற அம்மாள் எழுதி 1939-ல் புலிட்சர் பரிசு பெற்ற நாவலின் பெயர் அது. ஏழைக் குடியானவன் வீட்டுப் பையன் ஒருவன் ஒரு மான் குட்டியை வளர்க்கிறான். அது வளர்ந்து பயிரை மேய்கிறது. பயிர் போனால் வீடு பட்டினி. பிறகு என்ன ஆயிற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1946-ல் திரைப்படமாகவும் வந்தது. அந்தக் கதைக்கு விதை போட்ட இடம் இந்தப் பாதை போகும் 'பாட்ஸ் தீவு'. சுற்றிலும் தண்ணீர் இல்லையே, தீவு எப்படி என்கிறீர்களா? சுற்றிலும் புதர், நடுவில் கொஞ்சம் மண் வளமுள்ள இடத்தில் நீண்ட ஊசி இலைப் பைன் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. புதர்க் கடலில் அது ஒரு தீவு!

வழியில் ஒரு நீலப் பறவை எங்களைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. ஸ்க்ரப் ஜே என்று பெயர். புளோரிடாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இதன் குடும்பம் நம் கூட்டுக் குடும்பம் மாதிரி. மூத்த குஞ்சுகள் வளர்ந்த பிறகும் பெற்றோருடனேயே தங்கி, தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுகின்றன, காவல் இருக்கின்றன. கையிலிருந்து கடலை வாங்கத் தயாராக வரும். கொடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

பாட்ஸ் தீவில் 1870-களில் குடியேறியவர்களின் சிறு இடுகாடு ஒன்று இருக்கிறது. அதைக் கடந்தால், நிலம் உள்வாங்கி உண்டான பெரிய பள்ளம். அந்தக் குடும்பங்களுக்கு அதன் அடியில் கசிந்த தண்ணீர்தான் ஆதாரம். மணலில் பெய்த மழை நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். பள்ளத்தில் இறங்கித்தான் மொண்டு வரவேண்டும். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். குடத்தோடு ஏறுவதற்கு எத்தனை மூச்சு வாங்கியிருக்கும் அந்தப் பெண்களுக்கு! என் தோளில் தொங்கிய இரண்டு லிட்டர் கனக்கிறது என்று அதுவரை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன், பிறகு முணுமுணுக்கவில்லை.

முழுச் சுற்று சுமார் ஒன்பது கிலோமீட்டர். குறுக்கே திரும்பும் வழியும் உண்டு. நாங்கள் அதில்தான் திரும்பினோம். சாலைக்கு எதிர்ப்புறம் ஸில்வர் க்ளென் ஊற்று. மணலுக்குள் மறைந்த மழையெல்லாம் இங்கே நீலமாகக் கொப்பளித்து வருகிறது. கோடையானாலும் குளிரானாலும் ஒரே சீராக 22 டிகிரி. நுழைவுக் கட்டணம் உண்டு. கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டோம். என் கணவர் சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்து, பிரிக்காமலே என் கையில் கொடுத்துவிட்டு, மாவடு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.