மாதச் சம்பளமும் என் நேரமும்

கை நிறையச் சம்பளம் தரும் வேலையை ஒருவர் தாமாகவே விட்டுவிட்டால், ‘அங்கே ஏதேனும் பிரச்சினையோ?’ என்னும் ஐயமே நம் குடும்பங்களில் முதலில் எழும். அப்படி ஏதுமில்லை. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றினேன். மதிப்புடன் நடத்தினார்கள். 2022ஆம் ஆண்டில் நானே விலகினேன்.

காரணம் என் வாப்பா. சிறுநீரகம் செயலிழந்த அவர்களுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. அழைத்துச் செல்ல என்னையன்றி வேறொருவரும் இல்லை. அலுவலக விடுப்புக்கு ஓர் எல்லை உண்டு. நோய்க்கு அந்த எல்லை தெரியாது.

அப்போது நான் தேர்ந்துகொண்டது திறந்த மூல மென்பொருள் பணி. “அது என்ன பிள்ளை?” என்று உம்மா கேட்டபோது சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். கடையில் வாங்கும் மசாலாப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பது அரைத்தவருக்கே தெரியும். மாறாக, பக்குவத்தை எழுதி ஊராரிடம் கொடுத்துவிட்டால், எவரும் அரைக்கலாம். குறை கண்டால் திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். மென்பொருளின் பக்குவம் அதன் மூல நிரல். அதை அனைவருக்கும் திறந்து வைப்பதே இப்பணியின் அடிப்படை.

இவ்வழியில் முன்னோடி, அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்த அவர், 1984 ஜனவரியில் எம்.ஐ.டி.யின் பணியிலிருந்து விலகினார். தாம் எழுதும் நிரலுக்கு அந்நிறுவனம் உரிமை கோரிவிடக் கூடாது என்பதே காரணம். பின்னர் ‘ஈமேக்ஸ்’ மென்பொருளை நாடாவில் பதித்து, 150 டாலருக்கு அனுப்பிப் பிழைப்பு நடத்தினார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இன்று நம் வீடுகளிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இயங்குவது அந்த லினக்ஸ் கருவே.

‘இலவசமாகக் கொடுத்தால் உலை எப்படிக் கொதிக்கும்?’ என்று நீங்கள் கேட்பது நியாயமே. நிரலுக்கு விலை இல்லை; உழைப்புக்கு உண்டு. இம்மென்பொருள்களை நம்பித் தொழில் நடத்தும் நிறுவனங்கள், புதிய வசதிக்கும் பிழை திருத்தத்திற்கும் பணம் தருகின்றன. எனக்கு மணிக்கணக்கில் ஊதியம். வாப்பாவின் சிகிச்சை நாள்களில் இரவில் எழுதுவேன். பல நாடுகளில் இருப்போர் தத்தம் நேரத்தில் அதைப் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். எல்லோரும் ஒரே வேளையில் அமர வேண்டியதில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். இணையப் பரிமாற்றங்களுக்குக் காவலாயிருந்த ‘ஓபன்எஸ்எஸ்எல்’ மென்பொருளில், 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ எனும் பெரும் பிழை வெளிப்பட்டது. உலகமே பயன்படுத்திய அதற்கு, அதுவரை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலரே நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. பயன்படுத்துவோர் பலர், கொடுப்போர் சிலர்.

எனக்கும் முதலாண்டு வருமானம் பழைய சம்பளத்தில் பாதியைத் தொடவில்லை. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்திய பங்கு நின்றது. குழுக் காப்பீடும் போயிற்று. முடித்த வேலைக்கு இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்ததும் உண்டு. விலகுமுன் எட்டு மாதச் செலவைச் சேமித்து வைத்திருந்ததாலும், கணவரின் கடை வருமானம் அரிசிக்கும் வாடகைக்கும் போதுமாக இருந்ததாலுமே தாக்குப்பிடித்தோம்.

2024இல் வாப்பா வஃபாத்தானார்கள். அந்த இரண்டாண்டுகளில் ஒரு நாள்கூட அவர்கள் மருத்துவமனைக்குத் தனியே போகவில்லை. ‘இனியாவது பழைய வேலைக்குப் போகலாமே’ என்கிறார்கள் உறவினர்கள். இப்போது உம்மாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. நான் போகவில்லை.

வாசகர்களே, எல்லோரும் வேலையை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடனும் ஒற்றை வருமானமும் உள்ள வீட்டில் இது தகாது. விரும்புவோர் முதலில் விடுமுறை நாள்களில் செய்து பழகட்டும். எழுதும் நிரல் யாருக்கு உரியது என்று பணி ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கட்டும். குடும்பத்தாருடன் அமர்ந்து வரவு செலவைக் கணக்கிடட்டும். அந்தக் கணக்கில், வீட்டிலுள்ள முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் நாம் தரும் நேரத்தையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். பலர் வீட்டுக் கணக்கில் அந்த வரியே இருப்பதில்லை.