டர்போ வால்வும் அண்டை வீட்டுத் தூக்கமும்



மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் கார் வால்வைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கலாம். லாரி ஓட்டுநரின் மகனுக்கு இயந்திரம் அந்நியமன்று. தவிரவும், இந்த வால்வு எங்கள் குடும்பத்தில் ஒரு மாத காலம் பேச்சாக இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இதே ஆசையில் இருப்பதால் எழுதத் துணிந்தேன்.

என் அக்காள் மகன் பழைய பெட்ரோல் டர்போ கார் ஒன்றை வாங்கினான். அக்காவைச் சிகிச்சைக்காக மாதம் இருமுறை மம்சாபுரத்திலிருந்து மதுரைக்கு அழைத்துச் செல்வதற்காகவே வாங்கியது. காரோடு வந்த வால்வின் ரப்பர் திரை கிழிந்து காற்று கசிந்தது. மேடு ஏறும்போது இழுவை குறைந்தது. ஆகவே அவன் வால்வை மாற்றியதில் தவறில்லை. ஆனால் அவன் வரவழைத்துப் பொருத்தியது, காற்றை வெளியே திறந்துவிடும் புளோ-ஆஃப் வால்வு. கியர் மாற்றும்போதெல்லாம் ‘புஷ்ஷ்’ என்று சீறும். உண்மையைச் சொன்னால், கேட்பதற்கு அந்த ஓசை நன்றாகத்தான் இருக்கிறது.

அது ஏன் சீறுகிறது? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இதுவே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிறிய கார்களின் டர்போ நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளையும் தாண்டிச் சுழலக்கூடியது. அந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்றுப் பாதையின் கதவான த்ராட்டில் மூடிக்கொள்கிறது. தள்ளப்பட்டு வந்த காற்று போக வழியின்றித் திரும்பிச் சக்கரத்தின் இறகுகளையே தாக்குகிறது. அதற்கு ஒரு வழிவிடுவதே வால்வின் வேலை. ஓசை அதன் வேலையன்று.

டீசல் எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவே. பெட்ரோல் காரைப்போல் காலை எடுத்ததும் காற்றுப் பாதை அடைபடுவதில்லை. ஆகவே பொதுவாக அங்கே இந்த வால்வுக்குத் தேவையே இல்லை. டீசல் காருக்கென மின்சார சுவிட்சு வைத்து விற்கப்படுபவை ஓசைக்காக மட்டுமே. அந்தப் பணத்தை வேறெதற்காவது செலவிடலாம்.

மருமகன் செய்த வேலைக்கு வருகிறேன். வால்வின் தலையில் ஒரு திருகு உண்டு. அது உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை இறுக்கும் அல்லது தளர்த்தும். காலை லேசாக எடுத்தாலும் ஓசை வரட்டும் என்று அவன் அதை முழுவதும் தளர்த்திவிட்டான். ஸ்பிரிங் தளர்ந்தால், வண்டி நின்றபடி ஓடும்போதே எஞ்சினின் உறிஞ்சுவிசையில் வால்வு திறந்துகொள்ளும். அளக்கப்படாத காற்று அதன் வழியே உள்ளே நுழையும். ஒருநாள் மதுரையிலிருந்து திரும்புகையில், கிருஷ்ணன்கோவில் அருகே வேகம் குறைத்தபோது எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் லாரி. உள்ளே அக்கா. அல்லாஹ்வின் கருணையால் லாரிக்காரர் சரியான நேரத்தில் பிரேக் பிடித்தார்.

ராஜபாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் நானும் உடன் சென்றேன். எஞ்சினை ஓடவிட்டு, வால்வின் வாயருகே மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தார், அது உள்ளிழுக்கப்பட்டது. திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கினார். காகிதம் அசையாமல் நின்ற இடத்தில் நிறுத்தினார். “இன்னும் இறுக்கினால் என்ன?” என்று கேட்டேன். இறுக்கிக் காட்டினார். ஓட்டிப் பார்க்கையில், காலை எடுத்ததும் புறா சிறகடிப்பதுபோல் படபடவென்று சத்தம். வால்வு திறக்காமல் காற்று டர்போவுக்கே திரும்பும் அடையாளம் அது. சில இளைஞர்கள் அதையும் ரசிக்கிறார்களாம்!

சரியான இறுக்கத்திலும் கியர் மாற்றும்போது ஒரு திணறல் மிஞ்சியது. பிளக்குகளைக் கழற்றினால் கரி படிந்திருந்தது. இந்தக் காரில் உள்ளே வரும் காற்றை முன்னதாகவே ஒரு கருவி அளந்துவிடுகிறது. அந்தக் கணக்குக்கே பெட்ரோல் ஊற்றப்படுகிறது. அளந்த காற்றை வெளியே விட்டுவிட்டால் பெட்ரோல் மட்டும் மிகுந்து வீணாகிறது. திருகால் இது தீராது. காற்றை ஒரு ஹோஸ் வழியாக அளவுக் கருவிக்குப் பின்னே மீண்டும் உள்ளே விடவேண்டும். அப்போது சீறல் வெளியே கேட்காது.

மருமகன் தயங்கினான். “மாமா, ஊரில் கல்யாணத்துக்கு வெடி போடுகிறார்கள், தேருக்கு மைக் கட்டுகிறார்கள். என் வண்டிச் சத்தம்தானா உங்களுக்குக் குறை?” நியாயமான கேள்வி. ஆனால் அவை என்றோ ஒருநாள்; இவன் இரவு ஷிப்ட் முடிந்து தினமும் இரண்டு மணிக்கு வருகிறான். அடுத்த வீட்டில் பிறந்து நாற்பது நாளாகாத குழந்தை. தெரு நாய்கள் வேறு பதில் சொல்லத் தொடங்கிவிடும். லுக்மான் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையில் நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் அடுத்தடுத்தே வருகின்றன என்று மட்டும் நினைவூட்டினேன். அவன் என்னிடம்தான் அந்த சூராவை ஓதினான்.

சட்டத்தையும் சொன்னேன். தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் கொண்டு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்திற்குப் பின், ஒலி வரம்பை மீறினால் முதல்முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் உரிமம் இழப்பும் உண்டு.

கடைசியில் அக்காதான் முடித்து வைத்தார்: “அடுத்த தடவை நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.” மறுநாளே, காற்றை உள்ளேயே திருப்பிவிடும் பழைய வகை வால்வைப் புதிதாக வாங்கி மாட்டினான். பிளக்குகளும் மாற்றியாயிற்று. அதன்பின் மூன்று முறை மதுரை சென்று வந்துவிட்டார்கள்; வண்டி எங்கும் நிற்கவில்லை.

சீறும் வால்வு இப்போது அவன் அலமாரியில் இருக்கிறது. விற்கப்போகிறானாம். வாங்க வருபவரிடம் வண்டி பெட்ரோலா டீசலா, காற்றை அளக்கும் கருவி உள்ளதா என்று முதலில் கேட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டே விலை பேசு என்றிருக்கிறேன். இரண்டு பேர் வந்தார்கள். கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.