ஆலோசகர் என்று சொன்னால் போதுமா?

ஊரில் காணி வாங்கினால் உறுதி கையில் இருக்கும். அது பேரப்பிள்ளைகள் வரைக்கும் போகும். லண்டனில் பிளாட் வாங்கிய எங்களில் பலர் வாங்கியது வருடங்களைத்தான். 99 வருடம், 125 வருடம் என்று குத்தகை. நிலம் ஃப்ரீஹோல்ட்காரருடையது. வருடம் குறையக் குறைய பிளாட்டின் விலையும் குறையும், வங்கியும் கடன் கொடுக்கத் தயங்கும்.

1993ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்கு இரண்டு உரிமைகளைத் தந்தது. குத்தகையை மேலும் 90 வருடம் நீட்டலாம். அல்லது அயலவர்களோடு சேர்ந்து கட்டிடத்தின் ஃப்ரீஹோல்டையே வாங்கலாம். ஆனால் கேட்கும் முறை கடினம். ஒரு திகதி தவறினால் பணம் போய்விடும்.

எங்கள் கட்டிடத்தில் ஒரு அக்கா இருக்கிறா. கணவர் போனபிறகு தனிய இருக்கிறா. குத்தகையில் 80 வருடமும் சில மாதங்களும் மிச்சம் இருந்தன. தமிழில் இனிமையாகக் கதைத்த ஒரு "லீஸ் ஆலோசகர்" முற்பணம் வாங்கிக்கொண்டு, "அவசரமில்லை அம்மா" என்றார். நோட்டீஸ் போன நாளில் மிச்சம் 80க்குக் கீழே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தில் 80தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால், நீட்டியதால் பிறக்கும் கூடுதல் மதிப்பில் பாதியை நிலச்சொந்தக்காரருக்குக் கொடுக்கவேண்டும். 'மரேஜ் வேல்யூ' என்பது இதுதான். நோட்டீஸ் கொடுத்த நாளை வைத்தே கணக்கு. அக்காவின் சேமிப்பு அதிலேயே கரைந்தது.

முறைப்பாடு செய்வோம் என்று கடிதங்களைப் புரட்டினோம். அவர் சொலிசிட்டரும் இல்லை, பதிவுபெற்ற சர்வேயரும் இல்லை. சொலிசிட்டர் என்றால் லீகல் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். அவருடைய தவறுக்கு ஈடுகொடுக்கக் கட்டாயக் காப்புறுதியும் இருக்கும். "ஆலோசகர்" என்ற பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெயருக்குப் பின்னால் பதில் சொல்ல ஆளில்லை.

ஆகவே கையெழுத்துப் போடமுதல் இவற்றைக் கேளுங்கள்:

சொலிசிட்டர் எஸ்.ஆர்.ஏ.யிலும், சர்வேயர் ஆர்.ஐ.சி.எஸ்.ஸிலும் பதிவு செய்தவரா? கேட்டதோடு விடாமல் நீங்களே பதிவேட்டில் பாருங்கள்.

இந்த வேலையையே வழமையாகச் செய்பவரா? வீடு விற்கும் வாங்கும் வேலை வேறு, இது வேறு. இதற்கென்றே 2007இல் தொடங்கிய அலெப் என்ற சங்கம் இருக்கிறது.

நோட்டீஸ் எந்தத் திகதியில் போகும்? எதிர்நோட்டீஸ் வந்தபின் விலை ஒத்துவராவிட்டால், ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு யார் விண்ணப்பிப்பது? எழுத்தில் வாங்குங்கள்.

மொத்தச் செலவு எவ்வளவு? நிலச்சொந்தக்காரரின் நியாயமான சட்டச் செலவும் அதில் அடக்கமா?

2024இல் வந்த புதிய சட்டம் 990 வருட நீட்டிப்பைச் சொல்கிறது, மரேஜ் வேல்யூவையும் எடுக்கச் சொல்கிறது. ஆனால் அதன் பிரிவுகள் எல்லாம் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. உங்களுக்கு இன்று எது பொருந்தும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். நேராகப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அரசாங்கப் பணத்தில் நடக்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சேர்விஸ் இலவசமாக ஆலோசனை தருகிறது. முதல் தொலைபேசி அழைப்பை அங்கே எடுங்கள். தமிழில் கதைப்பவர் என்பது மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் அது ஒரு தகுதி அல்ல.